நடுமடிப்பிலிருந்து தொடங்குங்கள்: உள்ளூர் வரலாற்று ஆவணப்படத்துக்கு ஓர் இரட்டைப் பக்கம்

ஆவணப்படம் எடுத்து முடித்தவர்கள் பத்திரிகைக்கு அனுப்பும் முதல் கோப்பு பெரும்பாலும் போஸ்டராகத்தான் இருக்கும். அதையே படுக்கப்போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்து, 'டபுள் பேஜ்' என்று பெயர் வைத்து அனுப்பிவிடுவார்கள். அது வேலைக்கு ஆகாது. போஸ்டரைச் சுவரில் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். பத்திரிகையை மடியில் வைத்து, ஒரு முழ தூரத்தில், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கிறோம். போஸ்டருக்கு நடுவில் மடிப்பும் கிடையாது.

இன்னொன்று. உள்ளூர் வரலாற்றுப் படத்துக்குக் கூட்டம் சேர்க்கும் நடிகர் யாரும் இல்லை. பக்கத்தில் வாசகரை நிறுத்துவது சான்றுதான்: ஒரு பழைய புகைப்படம், ஒரு கப்பல் டிக்கெட், ஒரு தெருவின் பெயர்ப்பலகை. "இது நம்ம மார்க்கெட் ஸ்ட்ரீட்டாச்சே, இந்தக் கடை எங்க இருந்துச்சு?" என்று அவர் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகும்போது படம் தெளிவாகவும் படக்குறிப்பு சரியாகவும் இருந்தால் பாதி விளம்பரம் முடிந்தது. அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு.

பேச வசதியாக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு வந்து இறங்கிய தமிழர்களைப் பற்றிய 52 நிமிட ஆவணப்படம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் திரையிடல். தமிழ் மாத இதழ் ஒன்றில் ஏ4 அளவில் எதிரெதிர் இரண்டு பக்கங்கள்.

அச்சகத்திடம் முதலில் கேளுங்கள்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அச்சகத்துக்கு ஒரு போன் போடுங்கள். இதழ் பின் அடித்ததா, முதுகில் பசை ஒட்டியதா? நம் பக்கங்கள் இதழின் நட்டநடுவில் வருகின்றனவா, வேறு இடத்திலா? தாள் பளபளப்பான ஆர்ட் பேப்பரா, பூச்சில்லாத தாளா? மொத்த மை வரம்பு எத்தனை விழுக்காடு? எந்த வண்ண புரொஃபைல்? இவற்றுக்குப் பதில் வராமல் லேஅவுட் தொடங்குவது வீண் வேலை.

பின் அடித்த இதழில் நட்டநடுப் பக்கம் மட்டும்தான் ஒரே தாள். அங்கே படம் மடிப்பைத் தாண்டி ஓடினாலும் கோடு பிசகாது. மற்ற எந்த இரட்டைப் பக்கமும் உண்மையில் இரண்டு வெவ்வேறு தாள்களின் பாதிகள். இடப்பக்கம் ஒரு நேரத்தில், வலப்பக்கம் இன்னொரு நேரத்தில் அச்சாகியிருக்கும். மடிக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலும் கீழும் நகரும், நிறமும் லேசாக மாறும். கடல் அடிவானம், துறைமுகத்தின் கைப்பிடிக் கம்பி, கப்பலின் நீண்ட விளிம்பு, இந்த மூன்றும் மடிப்பைக் கடக்கும் படங்களில்தான் பிசகு உடனே கண்ணில் குத்தும். கூட்டம், மரம், மேகம் என்றால் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வெளிர்நிறத்தைப் பின்னணியாகப் பூசுவதும் ஆபத்து: இடப்பக்கம் சந்தனம், வலப்பக்கம் இளஞ்சிவப்பு என்று வந்து நிற்கும்.

பசை ஒட்டிய இதழின் சிக்கல் வேறு. அது முழுதாக விரியாது. மடிப்பின் இரண்டு பக்கமும் 6 முதல் 10 மி.மீ. வரை உள்ளே போய்விடும். அங்கே எழுத்து வைக்கவே கூடாது. முகம் வைத்தால் ஒரு கண்ணும் மூக்கும் காணாமல் போகும். ஒருவருடைய தோள் அந்த இடத்தில் விழுந்தே தீரும் என்றால், இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் சில மி.மீ. வெளிப்பக்கமாக நகர்த்தி, மடிப்பில் அந்தப் பகுதி இரண்டு முறை வருமாறு செய்வதுண்டு. எத்தனை மி.மீ. என்பதை அச்சகம்தான் சொல்ல வேண்டும். பின் அடித்த இதழில் இதைச் செய்தால் ஒருவருக்கு மூன்று தோள் வந்துவிடும்.

அளவுகள்: ஏ4 பக்கம் 210×297 மி.மீ. என்றால் இரட்டைப் பக்கம் 420×297. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் சேர்த்தால் 426×303. வெட்டும் கத்தி லேசாகத் தள்ளிப்போனாலும் தாள் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழாமலிருக்கத்தான் இந்த 3 மி.மீ. எழுத்துக்கு மேலே 15, வெளிப்பக்கம் 14, கீழே 18, மடிப்புப் பக்கம் 18 மி.மீ. விடுங்கள். பின் அடித்த தடித்த இதழில் உள்தாள்கள் வெளியே பிதுங்கி, வெட்டும்போது வெளி ஓரம் மேலும் குறையும். 64 பக்க இதழில் 16 தாள்கள். ஒரு தாள் 0.1 மி.மீ. தடிமன் என்றால் நடுத்தாளில் 1.6 மி.மீ. போய்விடும். பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டி வைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஒரே ஒரு பெரிய படம்

ஆறு படங்களைச் சமஅளவில் அடுக்கினால் பார்ப்பதற்குப் பள்ளி ஆண்டுமலர். ஒரு படத்தைப் பெரிதாக்குங்கள், மற்றவற்றை ஓரமாகச் சிறிதாக வையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கான அமைப்பு இது. பெரிய படம் இடப்பக்கத்தின் மேல் ஓரத்திலும் இட ஓரத்திலும் ப்ளீட் ஆகி, மடிப்பைத் தாண்டி வலப்பக்கத்துக்குள் 104 மி.மீ. நுழைகிறது. ப்ளீட்டோடு அகலம் 317 மி.மீ., 3:2 விகிதத்தில் உயரம் 211 மி.மீ. மடிப்பு படத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் விழுகிறது. அந்த இடத்தில் சுவரோ வானமோ வரும் படமாகப் பொறுக்க வேண்டும். இடப்பக்கத்தில் படத்துக்குக் கீழே கிடைக்கும் 89 மி.மீ. தலைப்புக்கும் முன்னுரைக்கும். வலப்பக்க வெளி ஓரத்தில் 86 மி.மீ. அகலத்தில் ஒரே பத்தி, மேலிருந்து கீழ் வரை கட்டுரை. வலப்பக்கத்தில் படத்துக்கு அடியில் மிஞ்சும் 86×66 மி.மீ. இடம் திரையிடல் விவரத்துக்கு. இரண்டு பக்கமும் கண்ணாடி பிம்பம் போல இருக்கக் கூடாது. சமச்சீராக அமைத்தால் பக்கம் தூங்கிவிடும்.

படத்தை எங்கிருந்து எடுப்பது? "வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்துக்கலாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே ஃப்ரேம் 3840×2160 பிக்சல். அதை 3:2-க்கு வெட்டினால் 3240 பிக்சல் அகலம். 317 மி.மீ. அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 260 பிக்சல் வருகிறது. அச்சுக்கு வழக்கமாகக் கேட்கும் 300 இல்லை, ஆனால் பரவாயில்லை. முழு எச்டி ஃப்ரேம் என்றால் 130தான். ஓரங்கள் கரைந்து தெரியும். பிக்சல் மட்டும் பிரச்சினையில்லை. நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டர் வழக்கமாக 1/50 நொடி. பேசிக்கொண்டே கையை அசைக்கும் பெரியவரின் விரல்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மங்கலாகத்தான் இருக்கும். திரையில் அது இயல்பு, தாளில் குறை. படப்பிடிப்பு நாளிலேயே அச்சுக்கென்று தனியாக ஸ்டில் எடுத்து வைப்பதே வழி. வெல்ட் கீ கடற்கரைச் சாலை கிழக்கு நோக்கியது, அங்கே காலை வெயில்தான் முகத்தில் விழும். மாலையில் போனால் கட்டட முகப்பெல்லாம் நிழலில் கிடக்கும்.

குடும்ப ஆல்பத்திலிருந்து வரும் பழைய படமென்றால் ஸ்கேன் அளவைப் பெருக்கிப் பாருங்கள். 9 செ.மீ. அகலப் படம் 31.7 செ.மீ. ஆகிறது, மூன்றரை மடங்கு. 300-ஐ 3.5 ஆல் பெருக்கினால் 1050. ஆகவே 1200-ல் 16 பிட் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். போனில் படத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆதாரமாகப் பார்க்கலாம், அச்சுக்கு உதவாது.

1960, 70-களின் ஸ்டூடியோப் படங்கள் பலவற்றில் தாளின் மேற்பரப்பு தேன்கூடு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து வருவதால் முகம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒரு முறை நேராகவும் ஒரு முறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஃபோட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலடுக்கை 'டார்க்கன்' முறையில் வைத்தால் புள்ளிகள் பெரும்பாலும் மறையும். பழைய நாளிதழிலிருந்து எடுக்கும் படத்தில் அச்சுப் புள்ளிகள் இருக்கும். அவை புதிய அச்சுப் புள்ளிகளோடு மோதி அலைக்கோலம் போடும். ஸ்கேனரில் டீஸ்கிரீன் வசதியைப் போடுங்கள், அல்லது அந்தப் படத்தைத் தபால்தலை அளவுக்கு மேல் பெரிதாக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டு முகத்தைத் 'தெளிவாக்குவது' இப்போது எளிது. வரலாற்றுப் படத்தில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருவி மங்கலான இடத்தில் இல்லாத மூக்கையும் இல்லாத இமையையும் வரைந்து வைக்கும். பேரன் பார்த்துவிட்டு "இது எங்க தாத்தா இல்லையே" என்றால் படத்தின் மொத்த நம்பகமும் போச்சு. தூசியும் கீறலும் எடுக்கலாம், ஒளியைச் சரிசெய்யலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

படம் எந்த ஆண்டு, எந்தப் பக்கம்?

நெகட்டிவை மாற்றிப் போட்டு அச்சிட்ட பழைய படங்கள் நிறைய உண்டு. கடைப்பலகை எழுத்து தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம். தெரியாவிட்டால் ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள், அணிந்திருப்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். பெண்களின் முந்தானை பொதுவாக இடது தோளில். இரண்டும் வலப்பக்கமாக இருந்தால் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது.

ஆண்டு கண்டுபிடிக்க ஜார்ஜ் டவுன் படங்களில் தலைக்கு மேல் பாருங்கள். ஒற்றைக் கம்பியும் தரையில் தண்டவாளமும் இருந்தால் மின்டிராம். அது 1906 முதல் 1936 வரை ஓடியது. தண்டவாளம் இல்லாமல் இரட்டைக் கம்பி மட்டும் போனால் டிராலிபஸ். அது 1925 முதல் 1961 வரை. பின்னணியில் கொம்தார் கோபுரம் தெரிந்தால் 1974-க்கு முந்தைய படமாக இருக்க முடியாது. கோட்டைக்கு அருகிலுள்ள விக்டோரியா மணிக்கூண்டு 1902-ல் முடிந்தது. ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை 1904. இன்று விஸ்மா கஸ்தாம் எனப்படும் ரயில்வே கட்டடத்தின் மணிக்கூண்டு 1907. இந்த மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தாலே துறைமுகப் படத்தின் காலம் ஓரளவு பிடிபடும்.

இப்படித் தேடிய பிறகும் ஆண்டு உறுதியாகவில்லை என்றால் '1950-கள்' என்று போடுங்கள். சும்மா '1953' என்று போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். பினாங்கில் இதைச் சரிபார்க்க ஆள் இருக்கிறார்கள், கடிதமும் எழுதுவார்கள். படக்குறிப்பில் நான்கு செய்தி வேண்டும்: யார், எங்கே, எப்போது, யாரிடமிருந்து வந்த படம். "பழைய பினாங்கு" என்று மட்டும் எழுதும் படக்குறிப்பு இடத்தை அடைக்கிறதே தவிர எதையும் சொல்வதில்லை. மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்தால் அவர்கள் கேட்கும் வாசகத்தை அப்படியே போட வேண்டும்.

உரிமை பற்றி ஒரு வரி. படத்தின் பிரதியை வைத்திருக்கும் குடும்பம் உரிமையாளராக இருக்க வேண்டுமென்பதில்லை. எடுத்த ஸ்டூடியோவுக்கு உரிமை இருக்கலாம். எழுத்துபூர்வ அனுமதியைத் திரையிடலுக்கு மட்டுமன்றி, 'அச்சு விளம்பரத்துக்கும்' என்று சேர்த்தே வாங்குங்கள். பின்னால் போய்க் கேட்கும்போது அந்த வீட்டில் வேறொரு பிள்ளை வேறொரு கருத்து சொல்வார்.

பழைய பாஸ்போர்ட், சிவப்பு ஐசி (நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை), கப்பல் டிக்கெட் போன்றவை அருமையான துணைப் படங்கள். ஆனால் ஐசி எண், வீட்டு முகவரி, கைரேகை ஆகியவற்றை மறைத்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். கறுப்புப் பட்டை போட்டால் குற்றவாளிப் பட்டியல் மாதிரி தெரிகிறது. அந்தப் பகுதி வராதபடி வெட்டுவது அல்லது அதன்மேல் இன்னொரு பொருளின் ஓரம் படும்படி அடுக்கிப் படம் எடுப்பது நல்லது.

கறுத்த முகங்களும் மையும்

தமிழர் முகங்கள் அச்சில் ஏன் கரியாகிவிடுகின்றன? காரணம் இரண்டு. திரையில் பார்க்கும் ஒளி தாளில் இல்லை. அதோடு மைப்புள்ளி தாளில் விழுந்ததும் பரவுகிறது. நடுத்தரச் சாயலில்தான் இந்தப் பரவல் அதிகம், மாநிறமும் கறுப்பும் விழுவது சரியாக அந்த இடத்தில். பூச்சில்லாத தாளில் இன்னும் மோசம். வெள்ளை வேட்டி, கறுத்த முகம் உள்ள பழைய ஸ்டூடியோப் படத்தை அப்படியே சிஎம்ஒய்கே (சையான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மை) ஆக்கினால் வேட்டி பளிச்சென்று இருக்கும், முகத்தில் கண் மட்டும் தெரியும்.

ஃபோட்டோஷாப்பின் கர்வ்ஸ் கருவியில் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து நடுச்சாயலை 5 முதல் 8 விழுக்காடு தூக்குங்கள். மூக்கின் மேல் உள்ள வெளிச்சத்தைத் தொட வேண்டாம். அதையும் சேர்த்துத் தூக்கினால் முகம் வெளிறி, பவுடர் அப்பியது போலாகிவிடும். நோக்கம் நிறத்தை மாற்றுவதல்ல, நிழலுக்குள் இருக்கும் கன்ன எலும்பையும் கண்குழியையும் வெளியே கொண்டுவருவது. சரியாக வந்ததா என்பதை மானிட்டரில் முடிவு செய்யாதீர்கள். அச்சகம் தரும் வண்ண ப்ரூஃபில் (சோதனை அச்சில்) முகத்தை மட்டும் பாருங்கள். முகம் சரியென்றால் வானம் எப்படியிருந்தாலும் ஒப்புக்கொள்ளலாம்.

மொத்த மை ஆர்ட் பேப்பருக்கு வழக்கமாக 300 விழுக்காட்டுப் பக்கம் நிற்கும். பூச்சில்லாத தாளுக்கு அதைவிடக் குறைவு. மீறினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். இரவு நேரத் துறைமுகப் படமென்றால் முதலில் இதைச் சோதியுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இண்டிசைனில் 'செபரேஷன்ஸ் பிரிவ்யூ' பலகத்தில் வரம்பை மீறிய இடம் சிவப்பாகத் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுப்பு மை ஒன்றிலேயே அச்சிட்டால் பெரிய அளவில் சோகையாக இருக்கும். நான்கு மையில் அச்சிட்டால் ஆழம் வரும், ஆனால் ஒரு மை கூடினாலும் படம் பச்சையோ ஊதாவோ பூசிக்கொள்ளும். கறுப்போடு ஒரு வெதுவெதுப்பான பழுப்பை மட்டும் சேர்க்கும் டியோடோன் நடுவழி. விளம்பரப் பக்கத்தில் ஐந்தாம் மைக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், ஆகையால் டியோடோனையும் சிஎம்ஒய்கே ஆக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். நேற்று எடுத்த பேட்டிப் படத்துக்கும் செபியா பூசுவது மட்டும் வேண்டாம். பேசுபவர் இன்று இருக்கிறார் என்பதே அந்தப் படத்தின் பலம்.

பினாங்கு என்றால் நீலச் சுண்ணாம்புச் சுவர் வேண்டும் என்பார்கள். நல்லது. சையான் 100, மெஜந்தா 100 போட்டால் கத்தரிப்பூ நிறம் வரும். மெஜந்தாவை சையானைவிட 30-ஆவது குறைத்து வையுங்கள், அப்போதுதான் நீலம் நீலமாக நிற்கும்.

தமிழ் எழுத்து கேட்கும் மரியாதை

ஆங்கிலப் பக்கத்துக்குப் போட்ட ஸ்டைலைத் தமிழ்மேல் கவிழ்த்தால் பக்கம் சிதையும். முதல் வேலை, இண்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்ட்-ரெடி' கம்போசருக்கு மாற்றுவது. மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, நடுவே புள்ளி வட்டங்கள் முளைக்கும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டிலும் இதற்கென்று தனி அமைப்பு உண்டு. தலைப்பை ஃபோட்டோஷாப்பில் செய்யாமல் இண்டிசைனிலேயே வைத்தால் எழுத்தின் ஓரமும் கூர்மையாக அச்சாகும்.

எழுத்தாளர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்தால் யூனிகோடுக்கு மாற்றும்போது சில பிழைகள் நிச்சயம் வரும். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் கால், 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ப்ரூஃபில் தப்பிவிடும். மாற்றியவுடன் இவற்றைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

வாசகப் பகுதிக்கு 9.5 புள்ளி (பாயின்ட்) எழுத்து, 14 புள்ளி வரி இடைவெளி. 'கி', 'தீ' மேலே ஏறும், 'கு', 'ஞூ' கீழே இறங்கும். 12 புள்ளி இடைவெளி வைத்தால் ஒன்றோடொன்று முட்டும். 86 மி.மீ. அகலப் பத்தியில் வரிக்கு ஏழு சொல் நிற்கும். மேலிருந்து கீழ் வரை 264 மி.மீ. என்றால் 53 வரி, ஏறக்குறைய 370 சொல். எழுத்தாளரிடம் 350 சொல் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எழுதி வந்த 700 சொல்லை எழுத்தளவைக் குறைத்து அடைப்பது வாசகரின் கண்ணுக்குச் செய்யும் துரோகம். இந்த இதழ்களை வாசிப்பவர்களில் வயதானவர்கள் கணிசம்.

இருபக்கமும் சமமாக இழுத்துக் கட்ட வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் இழுத்தால் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். இடப்பக்கம் நேராக, வலப்பக்கம் இயல்பாக விடுங்கள். சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால் புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்திடைவெளியை அகட்டினால் 'கொ'வின் மூன்று துண்டும் மூன்று திசைக்குப் போகும். சாய்வெழுத்தும் தமிழில் இயல்பாக இல்லை, மென்பொருள் தள்ளிச் சாய்ப்பதுதான். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்தோ நிறமோ போதும். படத்தின்மேல் வெள்ளை எழுத்து வைப்பதென்றால் 10 புள்ளிக்குக் குறையாமல், கொஞ்சம் தடிமனாக வையுங்கள். மை பரவும்போது முதலில் அடைபடுவது மெய்யின் புள்ளிதான். புள்ளி போனால் சொல்லே மாறிவிடுகிறது.

தலைப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மடிப்பைத் தாண்டி ஓட வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கொம்பு இந்தப் பக்கம், எழுத்து அந்தப் பக்கம் என்று முடியும். 'பினாங்குத் துறைமுகத் தமிழர் வரலாறு' என்பது நூலகப் பட்டியலுக்கு உகந்த தலைப்பு. 'ரஜூலா வந்த காலை' என்றால் ஒரு தலைமுறைக்கு அந்தக் கப்பல் பெயரே போதும். எஸ்.எஸ். ரஜூலா 1926-ல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியது. கப்பல் பெயர் தெரியாத இளையவர்களுக்கு 13 புள்ளியில் இரண்டு வரி முன்னுரை விளக்கிவிடும். தலைப்பு 48 முதல் 54 புள்ளி. மலாய்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் கீழே சிறிதாக ஒரே வரியில்.

கட்டுரை படத்தின் கதையை முழுக்கச் சொல்லிவிடக் கூடாது. ஒரு கேள்வியைத் தொட்டு நிறுத்த வேண்டும். வந்தவர்களில் பலர் முதலில் ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு (குவாரன்டீன்) முகாமில் வைக்கப்பட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அதற்குப் படத்தில் பதில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பேட்டியிலிருந்து எடுத்துப் பெரிதாகப் போடும் மேற்கோளைப் பேச்சுத் தமிழிலேயே விடுங்கள். "நான் வந்தேன்" என்று திருத்தினால் பாட்டியின் குரல் செத்துவிடும். ஒலிப்பதிவைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் சரிபாருங்கள்.

திரையிடல் விவரம், பிறகு சோதனை

தேதி, கிழமை, நேரம், இடம், நுழைவுச்சீட்டு, படத்தின் மொழி, சப்டைட்டில் மொழி. இத்தனையும் வலப்பக்கப் பெட்டியில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கியூஆர் கோடு 20 மி.மீ.-க்குக் குறையக் கூடாது, சுற்றிலும் வெள்ளை இடம் வேண்டும். அதைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிடுங்கள்; நான்கு மையில் அச்சிட்டால் தகடு லேசாக நகர்ந்தாலும் ஓரம் கலங்கி போன் படிக்காது. சிறிய வாசக எழுத்துக்கும் இதே விதி. கருப்பின்மேல் வெள்ளை கியூஆர் அழகாக இருக்கும், சில போன்கள் கண்டுகொள்ளாது.

ஆதரவாளர் சின்னங்கள் ஒரே வரிசையில், ஒரே நிறத்தில், 10 மி.மீ. உயரத்தில். யாராவது பெரிதாகக் கேட்பார்கள். முதலாமவருக்கு ஒப்புக்கொண்டால் எல்லாருக்கும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும், பிறகு படம் இருந்த இடத்தில் சின்னம் இருக்கும். பணம் கொடுத்து வாங்கிய பக்கமென்றால் மேலே 'விளம்பரச் சிறப்புப் பகுதி' என்று போட இதழ் கேட்கும், மறைக்கப் பார்க்காதீர்கள். தீபாவளி மலரில் இடம் வேண்டுமென்றால் பல வாரம் முன்பே பேசி வையுங்கள்.

இரட்டைப் பக்கத்தை ஏ3 தாளில் சரியாக நூறு விழுக்காட்டில் அச்சிட்டு, நடுவில் மடித்து, அதே இதழின் பழைய பிரதிக்குள் செருகிப் பின் அடியுங்கள். பசை ஒட்டிய இதழென்றால் இரண்டு பக்கத்தையும் வெட்டி மடிப்பின் ஆழத்தில் ஒட்டுங்கள். திரையில் தெரியாத எல்லாம் இங்கே தெரியும்: மடிப்பில் விழுங்கப்பட்ட முகம், கட்டைவிரல் மறைக்கும் படக்குறிப்பு, எதிர்பாராமல் சிறுத்துப்போன எழுத்து. அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் அறை விளக்கில் படிக்கக் கொடுங்கள்.

பிறகு கோப்பை அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-4 வகையாக மாற்றுங்கள், அச்சகம் கேட்டால் எக்ஸ்-1ஏ. ப்ளீட்டும் வெட்டுக்குறியும் இருக்கின்றனவா, எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிஎஃபை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து தமிழை முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை படியுங்கள். தலைப்பை மட்டும் அவுட்லைனாக மாற்றலாம். வாசகப் பகுதியை மாற்றினால் எழுத்து லேசாகத் தடித்துவிடும். கடைசியாக நாள்காட்டியை எடுத்து, தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கியூஆரை அச்சிட்ட தாளிலிருந்து இரண்டு வெவ்வேறு போனில் ஸ்கேன் செய்து, சரியான பக்கம் திறந்தால் கோப்பை அனுப்பலாம்.